துடைத்தால் தாங்குமா சுவர்? சுண்ணாம்பு முதல் எனாமல் வரை

பெயிண்ட் கடையில் நிற அட்டையைப் புரட்டுகிறோம், லிட்டர் என்ன விலை என்று கேட்கிறோம். துடைத்தால் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கை அழுக்கு, கட்டிலுக்குப் பின்னால் தலை எண்ணெய், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரம் வரை கிரேயான் என்று வரும்போதுதான் அந்தக் கேள்வி எழும்.

வாடகை வீடு, சுவரில் என்ன அடித்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லையா? உள்ளங்கையால் தடவுங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் சுண்ணாம்பு, அல்லது மலிவான பவுடர் டிஸ்டம்பர். ஈரத்துணியால் நாலு தேய் தேய்த்ததும் நிறம் கரைந்து வந்தால் அதுவும் டிஸ்டம்பர் வகைதான். எதுவும் வரவில்லையென்றால், மூலையில் ஓரிடத்தில் பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்டான எமல்ஷன் இளகிப் பஞ்சில் ஒட்டும். காய்ந்து இறுகிய எனாமல், அதாவது ஆயில் பெயிண்ட், அசையாது.

சுண்ணாம்பைத் துடைக்க நினைக்கவே வேண்டாம். அழுக்கானால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கமே இந்தச் சுவர்களுக்கான பராமரிப்பு. காரத்தன்மை அதிகம் என்பதால் புதிதாக அடித்த சுண்ணாம்பில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் எமல்ஷன் அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே சிக்கிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதற்குச் சுண்ணாம்பே மேல். (செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் தனி ரகம். அவையும் சுண்ணாம்புதான், ஆனால் ஈரத்துணியால் துடைக்கலாம். இன்று அந்த வேலைக்கு ஆள் எளிதில் கிடைக்காது, கூலியும் அதிகம்.)

டிஸ்டம்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்ரிலிக் டிஸ்டம்பர் லேசான ஈரத்துணியைத் தாங்கும், சோப்பையும் தேய்ப்பையும் தாங்காது. கை படாத சீலிங்குக்கு அது போதும்.

உண்மையான போட்டி எமல்ஷனுக்குள்ளேதான். பளபளப்பில்லாத மேட் ஒரு பக்கம், லேசாக மினுங்கும் சாட்டின், ஷீன் வகைகள் இன்னொரு பக்கம். மேட் பார்க்க அழகு. சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டி சரியாகப் பார்க்காத மேடு பள்ளத்தையும் மறைத்துவிடும். ஆனால் அதன் மேற்பரப்பு நுணுக்கமான சொரசொரப்பு கொண்டது, அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தித் துடைத்தால் அழுக்கு போகும், அந்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாக நிற்கும். அடர் நிறமென்றால் இன்னும் மோசம். ஷீன் வகையில் இந்தத் தொல்லை குறைவு, ஈரத்துணிக்கே கறை வழுக்கிக்கொண்டு வரும். அதற்கு விலையாக, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது சுவரின் கோணல் எல்லாம் தெரியும்.

இன்னொரு வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். மேட் சுவரில் கறை படிந்த இடத்தில் மட்டும் மிச்ச பெயிண்டைத் தொட்டு டச்சப் செய்தால் பெரும்பாலும் கலந்துவிடும். ஷீன் சுவரில் ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும். மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடித்தால்தான் சரிவரும்.

எனாமல் துடைப்பதில் ராஜா. சோப்புத் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு எதற்கும் அசராது. பழைய பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நெஞ்சு உயரம் வரை பளபளப்பான பட்டை அடித்திருப்பது அதனால்தான். வாடை, நாளாக ஆக வெள்ளை மஞ்சளிப்பது, ஓதச் சுவரில் உரிந்து வருவது ஆகியவை இதன் குறைகள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கலாம், அதை உப்புத்தாள் போட்டு உலரச் சுரண்டாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

சரி, எதைக் கொண்டு துடைப்பது? பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சில சொட்டு, ஒரு வாளித் தண்ணீர், பிழிந்த மென்துணி. எமல்ஷன் சுவரின் முக்கால்வாசி அழுக்குக்கு இது போதும். கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த சுவரில் வழிந்து கோடு போடும். கிரேயானைச் சோப்பு அசைக்காதபோது சமையல் சோடாவைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்க்கலாம். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் மெலமைன் பஞ்சு வேலையை நொடியில் முடிக்கும், ஆனால் அது மிக நைசான உப்புத்தாள் மாதிரி. ஷீனில் பளபளப்பைத் தின்னும், மேட்டில் திட்டு போடும். ஸ்பிரிட் தொட்டுப் பேனா மையை எடுப்பதும் அப்படித்தான், மையோடு பெயிண்டும் வரும்.

மஞ்சள்தூள் கறைதான் வேடிக்கை. காரத்தன்மையுள்ள சோப்பு பட்டதும் சிவந்துவிடும், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது போலவே. பதறி மேலும் தேய்க்க வேண்டாம். வெறும் தண்ணீரால் ஒற்றி எடுத்தால் பழையபடி மஞ்சளாகும். வெயில் படும் சுவரென்றால் மிச்சம் நாளடைவில் தானே வெளுத்துவிடும்.

என் தேர்வு இது: ஹாலுக்கும் நடைக்கும் பிள்ளைகள் அறைக்கும் ஷீன் எமல்ஷன், பெரியவர்கள் மட்டும் படுக்கும் அறைக்கு மேட், அடுப்படியில் டைல்ஸ் முடியும் இடத்திலிருந்து சீலிங் வரை எனாமல். எமல்ஷன் அடித்து ஒரு மாதம் ஆகும்வரை ஈரத்துணி படவிடாதீர்கள், தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுக அவ்வளவு நாள் பிடிக்கும். பெயிண்டர் கிளம்புவதற்குள் மிச்சத்தில் அரை லிட்டர் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். ஷேடு எண்ணையும் எந்த அறை என்பதையும் மூடியில் எழுதுங்கள்.