திரையில்லாமல் நிறுவிய வீட்டு சர்வர்: மூன்று நிறுவல்களின் அனுபவம்

அலமாரியின் கீழ்த்தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில், தடித்த அகராதி அளவுள்ள ஒரு சிறுகணினி இருக்கிறது. மின்கம்பி ஒன்று, ஈதர்நெட் கேபிள் ஒன்று, பின்புறம் பெரும்பாலும் சும்மா தொங்கும் சீரியல் கேபிள் ஒன்று. அவ்வளவுதான் அதன் இணைப்புகள். குடும்பப் புகைப்படங்களும் ஆவணங்களும் மற்ற கணினிகளின் காப்புப் பிரதிகளும் அதில்தான் இருக்கின்றன. 2023 இறுதியில் அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். ஓராண்டு கழித்து வட்டு பழுதானதால் மீண்டும் நிறுவினேன். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்த பிறகு, மேம்படுத்தாமல் மூன்றாம் முறையாகப் புதிதாகவே நிறுவினேன். மூன்று முறையும் திரையோ விசைப்பலகையோ இணைக்கவில்லை. இடையில் ஒரே ஒரு நாள் தொலைக்காட்சிப் பெட்டியை இணைக்க வேண்டி வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தொடங்கியதற்குக் காரணம் எளிமையானது. வீட்டில் மடிக்கணினிகள் மட்டுமே இருந்தன. மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்புமே தவிர, இன்னொரு கணினியின் படத்தை உள்ளே வாங்காது. ஒரு மணி நேர வேலைக்காக ஒரு திரையை வாங்கிப் பிறகு மூலையில் போட்டுவைக்க மனம் வரவில்லை. பெரிய நிறுவனங்களில் சர்வர்களைத் திரையின்றித்தான் நிறுவுகிறார்கள். ஆனால் அந்த இயந்திரங்களில் அதற்கென்றே பிஎம்சி என்ற தனிச் சில்லு இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் அந்தச் சில்லு நெட்வொர்க்கில் விழித்திருக்கும். வீட்டுச் சிறுகணினியில் அது கிடையாது. கணினி எழுந்து நெட்வொர்க்கில் பேசத் தொடங்கும்வரை நமக்குத் தெரிவது முகப்பில் எரியும் ஒரு விளக்கு மட்டுமே.

டெபியனைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அதன் நிறுவி கேட்கும் ஏறத்தாழ எல்லாக் கேள்விகளுக்கும் பிரிசீட் என்ற உரைக்கோப்பில் முன்கூட்டியே பதில் எழுதிவைக்கலாம். மொழி, நேர மண்டலம், கணினியின் பெயர், பயனர், வட்டுப் பிரிப்பு என ஒவ்வொன்றும் ஒரு வரி. அதில் நெட்வொர்க் கன்சோல் என்ற கூறையும் சேர்த்துவிட்டால், நிறுவி ரவுட்டரிடம் முகவரி வாங்கியவுடன் தொலைவிலிருந்து நெட்வொர்க் வழியே உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். இன்ஸ்டாலர் என்ற பயனர்பெயரில் உள்ளே நுழைந்தால், திரையில் வரவேண்டிய அதே நீலப் பக்கங்கள் மடிக்கணினியின் முனையத்தில் வந்து நிற்கும். முதன்முறை அதைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அது மூன்றாம் நாள்தான் வாய்த்தது. பென்டிரைவில் எழுதும் டெபியனின் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பில், கணினி எழும்போது தோன்றும் பூட் பட்டியல் இரண்டு இடங்களில் இருக்கிறது. கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் பழைய பயாஸ் முறையில் இருந்தால் ஐசோலினக்ஸ், புதிய யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் கிரப் அந்தப் பட்டியலைக் காட்டும். நான் திருத்தியது முதலாவதை, என் கணினி படித்ததோ இரண்டாவதை. என் பதில் கோப்பு பென்டிரைவில் பத்திரமாக இருந்தும் அதைப் படிக்கச் சொல்லும் கட்டளை நிறுவிக்குப் போய்ச்சேரவே இல்லை. இரண்டு மாலைகள் ரவுட்டரின் இணைப்புப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தேன். புது முகவரி எதுவும் வரவில்லை. திரை இருந்திருந்தால் பத்து வினாடியில் புரிந்திருக்கும்.

கடைசியில் காதுதான் காட்டிக்கொடுத்தது. பூட் பட்டியல் தோன்றும்போது டெபியன் நிறுவி பீப் ஒலி எழுப்பும். அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டபோதுதான் அது காதில் விழுந்தது. அப்படியானால் கணினி பென்டிரைவைப் படிக்கிறது, பட்டியல்வரை வந்துவிட்டது, அதற்கு அப்பால்தான் நகரவில்லை. சிக்கல் எங்கே என்று அந்த ஒலியே சொல்லிவிட்டது.

அந்த ஒலி என்னைப் போன்றவர்களுக்காக வைக்கப்பட்டதன்று. பார்வையற்றவர்கள் பிறர் துணையின்றி டெபியனை நிறுவுவதற்காக வைக்கப்பட்டது. ஒலி கேட்டதும் எஸ் விசையையும் என்டர் விசையையும் அழுத்தினால், நிறுவி தன் கேள்விகளைப் பேச்சாக வாசிக்கத் தொடங்கும். பிரெயில் கருவிக்கும் அதில் இடம் உண்டு. திரையைப் பார்க்காமல் நிறுவுவது எனக்கு ஒரு விருப்பம். அவர்களுக்கு வேறு வழியே இல்லை. அவர்களுக்காகப் போட்ட பாதையில்தான் நானும் நடந்து போனேன் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

வட்டுப் பிரிப்பைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வட்டை அழிப்பதற்கான சம்மதத்தைப் பதில் கோப்பில் எழுதாதீர்கள். எழுத முடியும், வேலை இன்னும் விரைவாக முடியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அப்படிப்பட்ட பென்டிரைவ், எந்தக் கணினி அதிலிருந்து எழுந்தாலும் கேள்வி கேட்காமல் அந்தக் கணினியின் வட்டைத் துடைத்துவிடும். யூஎஸ்பியை முதலில் படிக்கும்படி அமைத்த கணினியில் அதை மறந்து விட்டுவைத்தால், நிறுவி முடித்து மறுதொடக்கம் ஆனதும் மீண்டும் பென்டிரைவிலிருந்தே எழுந்து, இப்போதுதான் நிறுவியதை அழித்துவிட்டுத் திரும்பவும் நிறுவத் தொடங்கும். வட்டின் பெயரும் நம்பத்தக்கதன்று. எஸ்டிஏ என்பது ஒரு கணினியில் உள்வட்டாக இருக்கும், இன்னொன்றில் பென்டிரைவாகவே இருக்கும். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் கோப்பில் பதில் எழுதிவிட்டு, வட்டுக்கான கேள்வியை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். எஸ்எஸ்எச் வழியே நுழைந்து, வட்டின் மாதிரிப் பெயரையும் கொள்ளளவையும் கண்ணால் படித்த பிறகே சம்மதம் தருகிறேன். இரண்டாம் முறை நிறுவியபோது புகைப்படங்கள் இருந்த தரவு வட்டும் உள்ளேயே இணைந்திருந்தது. இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நிறுவல் முடிந்ததும் மறுதொடக்கம் செய்யாமல் கணினியை அணைத்துவிடும்படி பிரிசீட்டில் ஒரு வரி எழுதலாம். விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது என்று பொருள். பென்டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினால் போதும். மேலே சொன்ன சுழற்சிக்கும் இதுவே தடை.

அதன் பிறகு முதல்முறை உள்நுழையும்போது, சர்வரின் அடையாளச் சாவி மாறியிருக்கிறது என்று எஸ்எஸ்எச் கடுமையாக எச்சரிக்கும். நிறுவி வைத்திருந்த சாவி வேறு, நிறுவப்பட்ட இயங்குதளத்தின் சாவி வேறு, ஆகவே அந்த எச்சரிக்கை இயல்பானதே. ஆயினும் ஒரு குறை இருக்கிறது. நிறுவி தன் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீட்டைத் திரையில் காட்டி, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. நமக்குத்தான் திரையே இல்லையே. வீட்டு ரவுட்டரில் நேரடிக் கேபிளில் இருப்பதால் முதல் நாள் மட்டும் நம்பி ஏற்றுக்கொள்கிறேன். பலர் பகிரும் நெட்வொர்க்கில் இதைச் செய்ய மாட்டேன்.

மற்ற வழிகளையும் முயன்று பார்த்தேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு பலகைக் கணினியில் இது மிகவும் எளிது. நினைவக அட்டையில் எழுதும்போதே இமேஜர் மென்பொருள் பயனர்பெயர், கடவுச்சொல், வைஃபை எல்லாவற்றையும் கேட்டுப் பதித்துவிடுகிறது. ஆனால் பழைய குறிப்புகளைப் பார்த்துக் கையால் செய்பவர்கள் ஏமாறுவார்கள். பை என்ற இயல்பான பயனர் 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டார். அட்டையின் பூட் பிரிவில் வைஃபை கோப்பை வைக்கும் பழைய உத்தி, அதன் இயங்குதளத்தின் 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து செல்லாது. உபுண்டு சர்வரில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற முறை உண்டு, அதன் கோப்பு டெபியனுடையதைவிடப் படிக்க எளிது. ஆனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் அதே சொல்லைச் சேர்க்காவிட்டால், தொடரலாமா என்று திரையில் கேட்டுவிட்டு யாராவது ஆம் என்று எழுதும்வரை அப்படியே நிற்கும். தவறுதலாக வட்டு அழிவதைத் தடுக்கும் நல்ல காப்பு அது. தெரியாதவருக்கோ முடிவில்லாத காத்திருப்பு.

நிறுவுவது ஒரு மாலை வேலை. அதற்குப் பின் வரும் மாதங்களில்தான் திரையின்மை உண்மையாகச் சோதிக்கிறது. எனக்கு வந்த முதல் சோதனை ஒரு வெளிவட்டால் வந்தது. காப்புப் பிரதிக்கான வட்டைக் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். அந்த நேரத்தில் சர்வர் மறுதொடக்கம் ஆனது. எழும்போது எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வட்டின் வரியில் நோஃபெயில் என்ற சொல்லை நான் சேர்த்திருக்கவில்லை. அது இல்லாவிட்டால், தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் 90 வினாடிகள் வட்டுக்காகக் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் எஸ்எஸ்எச் இயங்காது. சர்வரின் திரை எழுத்துகளை மடிக்கணினிக்குக் கொண்டுவரும் சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தபோது இன்னொரு செய்தியும் தெரிந்தது. ரூட் என்ற தலைமைக் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் அவசர முனையத்தைத் திறக்க முடியாதாம். பாதுகாப்புக்கென்று பிரிசீட்டில் ரூட் கணக்கை முடக்கியது நான்தான். வட்டைத் திரும்ப இணைத்து மறுதொடக்கம் செய்ததும் எல்லாம் சரியாயிற்று. அன்றே ரூட்டுக்கு ஒரு நீண்ட கடவுச்சொல் வைத்தேன். எஸ்எஸ்எச் வழியே ரூட் நுழைவதை மட்டும் தடைசெய்தேன். இப்போது அடிப்படை வட்டைத் தவிர மற்ற எல்லா வட்டுகளின் வரிகளிலும் நோஃபெயில் இருக்கிறது.

அடுத்தது என்விஎம்இ வகையிலான ஒரு புது உள்வட்டைச் செருகிய நாள். வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். லினக்ஸில் ஈதர்நெட் அட்டையின் பெயர் அது மதர்போர்டின் பிசிஐ பாதையில் இருக்கும் எண்ணிலிருந்து உருவாகிறது. புது வட்டு வந்ததும் எண்கள் ஒன்று தள்ளிப்போயின, அட்டையின் பெயரில் 2 என்று இருந்தது 3 ஆயிற்று. என் நெட்வொர்க் கோப்பில் பழைய பெயரே இருந்தது. சர்வர் நலமாக எழுந்து, யாரோடும் பேச முடியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தது. சீரியல் வழியே நுழைந்து, அட்டைக்கே உரிய மேக் முகவரியை அடையாளமாகக் கொண்டு அதற்கு நிலையான பெயர் வைத்தேன். சர்வரைத் திறந்து எதையாவது செருகப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

இரண்டு முறையும் காப்பாற்றியது அந்தச் சீரியல் கேபிள்தான். என்னுடையது அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட பழைய மாதிரி, பின்புறம் ஒன்பது ஊசித் துளை இருந்தது. நல் மோடம் (null modem) எனப்படும் சீரியல் கேபிளும் யூஎஸ்பி மாற்றியும் சேர்த்து, கிரப்பிலும் கெர்னலிலும் 115200 வேகத்தை எழுதிவிட்டால், பூட் பட்டியல் முதல் உள்நுழைவு வரை எழுத்தெழுத்தாக வந்துவிடும். பிரிசீட் கோப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டேன். வாங்கும்போதே இந்தத் துளை உள்ள கணினியாகத் தேடுங்கள் என்று என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சீரியலும் கைவிட்ட நாள்தான் தொலைக்காட்சி நாள். மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு சர்வர் எழவில்லை, சீரியலில் ஓர் எழுத்தும் வரவில்லை. தொலைக்காட்சியை இணைத்துப் பார்த்தால், அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர எஃப்1 அழுத்தவும் என்ற வரி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் இருக்கும்வரை குறை தெரியாது, போனவுடன் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். கிரப் ஏறுவதற்கும் முன் நடப்பது இது, ஆகையால் என் சீரியல் அமைப்புக்கு எட்டாது. பழைய கணினி வாங்கினால் முதல் நாளே அந்த மின்கலத்தை மாற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் தானே எழுவது, விசைப்பலகை இல்லாவிட்டாலும் நிற்காமல் போவது ஆகிய இரண்டு அமைப்புகளும் பயாஸில் இருக்கின்றன. முந்தைய உரிமையாளர் அவற்றைச் சரியாக வைத்திருந்ததால்தான் அதுவரை எனக்குத் தெரியாமலே எல்லாம் ஓடியிருக்கிறது.

குறியாக்கத்தில் நான் ஒரு நடுவழியை எடுத்தேன். முழு வட்டையும் குறியாக்கம் செய்தால், ஒவ்வொரு முறை எழும்போதும் கடவுச்சொல் கேட்டுக் கணினி நிற்கும். டிராப்பேர் என்ற சிறிய எஸ்எஸ்எச் நிரலைத் தொடக்க நிலையிலேயே ஏற்றி, தொலைவிலிருந்து திறக்கலாம். சில மாதங்கள் அப்படி வைத்திருந்தேன், நன்றாகவே இயங்கியது. ஆனால் இன்னும் ஒரு சாவி, இன்னும் ஒரு எச்சரிக்கை, பழுதாக இன்னும் ஓர் இடம். இப்போது இயங்குதள வட்டு திறந்தே இருக்கிறது, தரவு வட்டு மட்டும் பூட்டியிருக்கிறது. சர்வர் தானே எழுந்துவிடும், நான் நுழைந்து தரவைத் திறக்கிறேன்.

மூன்றாம் நிறுவலில் பதில் கோப்பில் நான்கு வரிகளே மாறின. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் வந்தது, எந்தச் சம்பவத்துக்குப் பின் வந்தது என்று தமிழில் குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன். இயல்பாகத் திரையில் சொடுக்கிச் சொடுக்கி நிறுவியிருந்தால் அந்த முடிவுகளில் ஒன்றுகூட எழுத்தில் இருந்திருக்காது. வட்டு பழுதான அன்று நான் கலங்காமல் இருந்ததற்கு அந்தக் கோப்பு ஒரு காரணம், காப்புப் பிரதி இன்னொரு காரணம்.

வைஃபை மட்டுமே உள்ள கணினியில் இதை முயல விரும்புவோர், நிறுவும் நாளுக்காவது ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் யாரிடமாவது ஒரு மணி நேரத்துக்குத் திரையை இரவல் கேளுங்கள். வைஃபை அட்டையை இயக்கும் ஃபர்ம்வேர் நிரல், கடவுச்சொல், சிக்னல் என மூன்றில் எது தவறினாலும் வெளியே ஒரேபோல மௌனமாகத்தான் இருக்கும்.