மச்சு பிச்சு வாசலோடு திரும்பினோம், 180 டாலர் போச்சு

பெருவில் சாப்பாடு, ரூம், பஸ் எல்லாம் எவ்வளவு ஆகிறது என்று விவரமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. மச்சு பிச்சு என்கிற, மலைமேல் இருக்கும் இன்கா காலத்துப் பழைய நகரத்தைப் பார்க்கப் போய் 180 டாலர் ஏமாந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மலை நகரமான குஸ்கோவில் இறங்கிய முதல் நாள். 3,400 மீட்டர் உயரம். எனக்குத் தலைவலி, மனைவிக்குக் குமட்டல். பிளாசா தே அர்மாஸ் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன டூர் ஏஜென்சி. உள்ளே இருந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே உட்காரவைத்து, கோக்கா இலை டீ போட்டுக் கொடுத்தார். டிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். அந்த டீயில்தான் விழுந்தேன். மச்சு பிச்சுவுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று நாங்களாகத்தான் கேட்டோம். 'நெட்டில் தீர்ந்துவிட்டது, என்னிடம் இரண்டு இருக்கிறது, கைடோடு சேர்த்து ஆளுக்கு 90 டாலர்' என்றார். அரசாங்க விலை வெளிநாட்டவருக்கு 152 சோல்தான் (சோல் என்பது பெருவின் பணம்). இரண்டு மடங்கு என்று தெரிந்தே கொடுத்தேன், அதுவும் ரொக்கமாக. கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான் ரசீது.

சாயங்காலமே வாட்ஸப்பில் டிக்கெட் வந்துவிட்டது. பெயர், பாஸ்போர்ட் எண், கியூஆர் கோடு எல்லாம் கச்சிதம். ஒயாந்தாய்தம்போவிலிருந்து ரயில், மலையடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸிலிருந்து மேலே ஏற பஸ் (போக வர ஆளுக்கு 24 டாலர்), அதெல்லாம் தனிச் செலவு. வாசலில் ஸ்கேன் செய்தவர் இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அப்படி ஒரு டிக்கெட்டே இல்லையாம். கைடும் வரவில்லை. கீழே ஊரிலேயே தினமும் 1,000 டிக்கெட் நேரில் விற்கிறார்கள் என்று அங்கே வைத்துத்தான் தெரிந்தது. ஆனால் அது மறுநாளைக்கு. எங்கள் ரயிலோ அன்று மாலை.

போன் செய்தால் 'டிராங்கீலோ, அமீகோ', பதறாதீர்களாம், கம்ப்யூட்டர் கோளாறாம். நேற்றுக் கடைக்குப் போனால் அந்த அம்மா இல்லை. ஒரு பையன் 'மன்யானா' என்றான், நாளைக்கு. சரி என்று இன்று போனால் முதலாளி லிமாவில் இருக்கிறாராம், அவர் சொல்லாமல் பணம் தர முடியாதாம். 180 டாலரை வாங்கும்போது மட்டும் முதலாளி தேவைப்படவில்லை! வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை. சுற்றுலா போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் ரொக்கத்துக்கு என்ன அத்தாட்சி என்றபோது அந்தத் துண்டுச் சீட்டைத்தான் நீட்ட முடிந்தது.

வருகிறவர்களுக்கு அவசரமாக நாலு வார்த்தை. டிக்கெட்டைக் கலாச்சார அமைச்சகத்தின் தளத்திலேயே எடுங்கள், மாதக்கணக்கில் முன்னால். பாஸ்போர்ட் அசல் கையில் இருக்க வேண்டும். ஏஜென்சியில்தான் வாங்குவேன் என்றால் கார்டில் கொடுங்கள். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள், குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். மீதிச் செலவுக் கணக்கு அப்புறம். நாளைக் காலை கடை திறக்கும்போது வாசலில் நிற்கப்போகிறேன்.