பவர் ஸ்டேஷனா, இன்வெர்ட்டரா? வீட்டுச் சாதனங்களை வைத்து ஓர் ஒப்பீடு

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த இன்வெர்ட்டரும் டியூபுலர் எனப்படும் ஈய-அமில பேட்டரியும் இன்றும் பல வீட்டு வரவேற்பறைகளின் மூலையில் இருக்கின்றன. அந்த இடத்துக்கு இப்போது கைப்பிடியோடு கூடிய பவர் ஸ்டேஷன் போட்டிக்கு வந்திருக்கிறது. மின்கலம், இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதால் தூக்கிச் செல்லலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். எந்தச் சாதனத்தை எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும், தீர்ந்த மின்கலத்தை எங்கே, எவ்வளவு நேரத்தில் மீண்டும் நிரப்ப முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் தேர்வைத் தீர்மானிக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் பெயரளவில் 1800 வாட்-மணி; ஒரு வாட் சாதனத்தை ஒரு மணி நேரம் ஓட்டும் மின்சாரமே ஒரு வாட்-மணி. அந்த 150 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுக்க எடுக்க ஈய-அமில பேட்டரி தரும் மொத்த மின்சாரம் குறைந்துகொண்டே போகும். ஈகோஃப்ளோ டெல்டா 2 போன்ற பவர் ஸ்டேஷனில் இருப்பதோ 1024 வாட்-மணி. அதன் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் வேகத்தால் வரும் இந்தக் குறைவு மிகவும் சொற்பம் என்பதால், மின்கலத்தின் டிசி மின்சாரத்தை வீட்டுச் சாதனங்களுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் சுமார் 870 வாட்-மணி பிளக்குக்கு வந்து சேரும்.

இரண்டு சாதாரண சீலிங் ஃபேன், நான்கு எல்இடி பல்பு, ஒரு வைஃபை ரௌட்டர் ஆகியவற்றுக்குக் கூட்டினால் ஏறத்தாழ 200 வாட் வரும். இந்தச் சுமையைப் புதிய 150 ஏஎச் பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். பவர் ஸ்டேஷன் நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 75 வாட் ஃபேன்களை மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேன்களாக மாற்றினால் இரண்டிலுமே நேரம் ஏறக்குறைய இரு மடங்காகும். பெரிய பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஃபிரிட்ஜ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒற்றைக் கதவு கொண்ட 200 முதல் 250 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 650 வாட்-மணி எடுக்கிறது என்று கொண்டால், 1024 வாட்-மணி ஒன்றரை நாளுக்கு வரும் என்றே தோன்றும். ஆனால் பவர் ஸ்டேஷனின் ஏசி வெளியீட்டை இயக்கி வைத்திருந்தாலே, எதுவும் ஓடாதபோதும், அது தனக்காகப் பத்துப் பன்னிரண்டு வாட் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் முழுவதும் அப்படி விட்டால் கிட்டத்தட்ட 290 வாட்-மணி அதிலேயே கரைந்துவிடும். ஆகவே உண்மையில் கிடைப்பது 24 மணி நேரத்தை ஒட்டியதுதான். இதோடு, சில கருவிகளில் சுமை மிகக் குறைந்து நெடுநேரம் அப்படியே இருந்தால் வெளியீட்டைத் தானாக நிறுத்தும் மின்சேமிப்பு முறை இருக்கிறது. கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரத்தை அது வேலை முடிந்த நேரமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஃபிரிட்ஜைச் செருகும் முன் அமைப்புகளில் அதை அணைத்துவிட வேண்டும். இன்சுலின் வைத்திருக்கும் வீட்டில் இந்த ஒரு பொத்தானை மறப்பது சிறிய விஷயம் அல்ல. பழைய வகைக் கம்ப்ரசர் துவங்கும் கணத்தில் ஓட்ட வாட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகத் துவங்கும், எனவே பேட்டரியில் ஓட்டுவதற்கு அதுவே ஏற்றது.

மிக்சி, அரிசி குக்கர், இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றில் பவர் ஸ்டேஷனின் கை ஓங்குகிறது. வீடுகளில் பரவலாக உள்ள 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) இன்வெர்ட்டர் தரக்கூடியது சுமார் 700 வாட் மட்டுமே. 750 வாட் மிக்சியில் தேங்காயைப் போட்டுத் திருகினால் அது ஓவர்லோடு என்று கத்தி நிற்க வாய்ப்பு அதிகம். 1800 வாட் வரை தரும் பவர் ஸ்டேஷனுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஓட்ட முடிவது வேறு, ஓட்டுவது தகுமா என்பது வேறு: 700 வாட் குக்கரில் அரை மணி நேரம் சோறு வடித்தால் 350 வாட்-மணி போய்விடும், அதாவது கையிருப்பில் நாற்பது விழுக்காடு. எரிவாயு அடுப்பு இருக்கும் வீட்டில் அந்த மின்சாரத்தை ஃபேனுக்கு வைப்பதுதான் அறிவுடைமை. அரை குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் துவக்கத்தில் 2500 வாட்டைத் தாண்டக்கூடும் என்பதால், 2700 வாட் உச்ச வரம்புள்ள கருவியில் அது ஓடினாலும் ஓடும், நின்றாலும் நிற்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இரண்டிலுமே எதிர்பார்க்கக் கூடாது. வரம்பை மீறிய வாட்டையும் ஓட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் வசதி, மின்னழுத்தத்தைக் குறைத்து வேலை செய்கிறது. அது சூடாக்கும் சாதனங்களுக்குப் பொருந்தும், மோட்டார்களுக்குப் பொருந்தாது. மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமுவதும் சூடாவதும் பலர் அறிந்ததே. பவர் ஸ்டேஷன்களில் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலையான சைன் வேவ் வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

மீண்டும் நிரப்பும் நேரம்தான் இரண்டுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு. முழுதும் இறங்கிய டியூபுலர் பேட்டரி நிறைய பத்து மணி நேரமாவது ஆகும். டெல்டா 2 சுமார் 80 நிமிடத்தில் நிறைந்துவிடுகிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் போய்த் திரும்பும் ஊரில் இது பெரிதாகத் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டா மாவட்டக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தபோது நிலைமை வேறு: சுவரோடு பிணைந்த இன்வெர்ட்டர் முதல் நாளிலேயே உயிரற்றுப் போகும், 12 கிலோ பெட்டியையோ ஜெனரேட்டர் ஓடும் இடத்துக்கு இருசக்கர வண்டியில் கொண்டுபோய் ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பி வரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்ததையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோவுக்கும் மேல் கனக்கும் அமிலப் பேட்டரியை அந்த நேரத்தில் மாடிக்கு ஏற்றுவது யாருக்கும் எளிதல்ல.

நோயாளி இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் எடுக்கும். பவர் ஸ்டேஷன் அதை இரண்டரை மணி நேரமும், நல்ல நிலையிலுள்ள 150 ஏஎச் பேட்டரி மூன்று மணி நேரமும் தாங்கும். இரண்டில் எதை வாங்கினாலும் ஒரு சிலிண்டர் கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும்.

விலையில் இன்வெர்ட்டரே மலிவு. இந்தக் கொள்ளளவில் பவர் ஸ்டேஷனுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்குக்கு மேல் கொடுக்க நேரும். பழுதானால் தெருமுனை எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்வார், பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழிவும் கிடைக்கும். பவர் ஸ்டேஷனில் ஒரு போர்டு போனாலும் நிறுவனத்தின் சேவை மையத்தைத்தான் நாட வேண்டும். மறுபுறம், டியூபுலர் பேட்டரி நான்கைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டோ 3000 சுற்றுக்கு (நிரப்பித் தீர்ப்பது ஒரு சுற்று) பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவை வைத்திருக்கும் என்று டெல்டா 2-ஐத் தயாரிக்கும் ஈகோஃப்ளோ நிறுவனம் குறிப்பிடுகிறது. சொந்த வீடு, தினமும் குறுகிய மின்தடை என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டரையே நான் பரிந்துரைப்பேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும் கடலோரத்தில் இருப்பவர்களும் வெள்ளம் புகும் தரைத்தளத்தில் இருப்பவர்களும் கூடுதல் விலை கொடுத்துப் பவர் ஸ்டேஷன் வாங்குவது நியாயமே.

பவர் ஸ்டேஷனிலிருந்து இருபுறமும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்கு ஏறி, புயலுக்குப் பின் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேனைக் கொல்லக்கூடும். சாதனங்களை நேரடியாகப் பெட்டியில் மட்டும் செருகுங்கள். வீட்டு வயரிங்குக்குக் கொடுக்க வேண்டும் என்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, தெரு மின்சாரத்தைத் துண்டித்து வீட்டைப் பெட்டிக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்திய பிறகே இணையுங்கள்.