பாலைவனத்து அரசு ஒருங்கிணைப்பாளர்: ஐந்துக்கு மூன்று

ஆஸ்திரேலியாவின் நடுவே, வடக்குப் பிரதேசத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள பழங்குடி ஊர்களுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நர்ஸ், டீச்சர், கடை மேனேஜர் என்று பலவிதம். நான் அந்தக் கடைகளின் கூலர் ரூம், ஃப்ரீசர் பழுதுபார்க்கிறவன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: “அங்கே கவர்மென்ட் ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர் இருப்பாராமே, அவரால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?” உண்டு. ஐந்துக்கு மூன்று தருவேன். அந்த மூன்றில் இரண்டு, அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் உள்ளூர் அலுவலருக்கு.

பதவி வந்த விதமே சரியில்லை. 2007 ஜூனில் அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு வடக்குப் பிரதேசத்தில் ‘அவசர நடவடிக்கை’ அறிவித்தது. ராணுவத்தினரும் வந்து இறங்கினார்கள். இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அந்த நடவடிக்கைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தார்கள். 73 ஊர்களில் உதவித்தொகையில் பாதியைப் பிடித்து, அதில் இன்னின்ன பொருள்தான் வாங்கலாம் என்றார்கள். அந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டவர்தான் ‘கவர்மென்ட் பிசினஸ் மேனேஜர்’, ஒருங்கிணைப்பாளரின் அன்றைய பெயர். கேட்காமலே உங்கள் ஊருக்கு ஒருவர் மேனேஜர் என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? அப்புறம் 2009 முதல் நாடு முழுக்க 29 ஊர்களைப் பொறுக்கி, அதில் 15 இந்தப் பிரதேசத்தில், எல்லா அரசுத் துறைகளும் ஒரே ஆள் வழியாக மக்களைச் சந்திக்கும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. உள்ளூர் மொழி பேசும் பழங்குடி அலுவலரையும் கூடவே வைத்தார்கள். பதவிப் பெயர் அதற்குப் பிறகும் மாறிவிட்டது, ஆனால் கிழவிகள் 2007-ஐ மறக்கவில்லை. புதிதாக யார் கையில் ஃபைலோடு வந்தாலும் அந்தப் பார்வைதான் கிடைக்கும்.

சரி, என்ன கிடைக்கிறது? ஊருக்குள் நுழைய வேண்டிய பெர்மிட் அவரிடம் கிடைக்காது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1976 நில உரிமைச் சட்டப்படி அது பழங்குடியினருடைய நிலம். பெர்மிட் தருவது அவர்கள் சார்பில் நிலத்தைக் கவனிக்கும் நில மன்றம் (லேண்ட் கவுன்சில்), ஒருங்கிணைப்பாளர் அல்ல. அவரிடம் கிடைப்பது தகவல். எந்த வீட்டில் இழவு, எந்தப் பாதை சடங்குக்காக மூடியிருக்கிறது, மழைக்குப் பிறகு ரோடு எப்படி, இரவு படுக்க இடம் உண்டா. இருநூறு முந்நூறு கிலோமீட்டர் செம்மண்ணில் ஓட்டிப் போய் வேலை நடக்காமல் திரும்பி வராதிருக்க இது போதும். இதற்கு ஒரு நட்சத்திரம்.

நான் அடிக்கடி போகும் ஊரில் அவர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்த இலாகா கார் எந்த நாள் வருகிறது என்று எழுதியிருக்கும். திங்களும் வெள்ளியும் காலி. ஓட்டி வர ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என்பதால் எல்லோரும் நடு வாரத்தில்தான் வருவார்கள். ஒரு புதன்கிழமை மூன்று கூட்டம், மூன்றுக்கும் அதே ஐந்து பெரியவர்கள். தேதியை மாற்றச் சொல்லி ஒருங்கிணைப்பாளர் கேட்கலாம், கட்டளையிட அவருக்கு அதிகாரம் இல்லை. கையில் பணமும் இல்லை. ஒருமுறை கடையின் கூலர் ரூம் அடிக்கடி மின்சாரம் போய் நின்றது. கட்டடம் ஒருவருடையது, மின்சாரம் இன்னொருவருடையது, கடை மூன்றாமவருடையது. மனிதர் பாவம், எல்லோருக்கும் மெயில் போட்டார். பதில்கள் வந்தன. கறி கெட்டுப்போனது, குப்பைக் குழிக்குப் போனது.

மற்ற இரண்டு நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதே அறையில் ஒரு கூட்டம். நகரத்திலிருந்து வந்த பெண், போன முறை வந்திருந்தவர்களின் பட்டியலை வாசித்துச் சரிபார்க்கத் தொடங்கினார். மூன்றாவது பெயரில் வாய் திறக்குமுன் உள்ளூர் அலுவலர் எழுந்து, காகிதத்தின் மேல் உள்ளங்கையை அகலமாக வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆள் சமீபத்தில் இறந்துபோயிருந்தார். அங்கே இறந்தவர் பெயரை உச்சரிக்கக் கூடாது. அந்தக் கை இல்லையென்றால் கூட்டம் அதோடு கலைந்திருக்கும். ஒருங்கிணைப்பாளருக்கே அவர் இறந்தது அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

அந்த அலுவலரின் நிலைமைதான் எனக்கு எரிச்சல். வெளியிலிருந்து வருகிறவருக்கு வேலி போட்ட, ஏசி உள்ள அரசு வீடு. இவருக்கோ உறவினர் கூட்டத்தோடு ஒரு வீடு. ப்ரீபெய்டு மீட்டரில் காசு தீர்ந்தால் இருட்டு. ஒருங்கிணைப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இவர் அங்கேயே இருந்து, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் யார் யாருக்கு மாமன், யார் யாரோடு நேரில் பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பார். சம்பளம் மட்டும் புதிதாக வந்தவருக்கு அதிகம். குறைத்த இரண்டு நட்சத்திரமும் இதற்காகத்தான்.

போகிறவர்களுக்கு: முதலில் உள்ளூர் அலுவலரைத் தேடிப் பிடியுங்கள். ஆபீசில் இல்லாவிட்டால் கடை வாசல், அங்கேயும் இல்லாவிட்டால் கிளினிக். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், போன் பண்ணுங்கள். புதன்கிழமை வேண்டவே வேண்டாம், படுக்கை கிடைக்காது.