மலையில் தேய்ந்த புல்லட்: இன்ஜினை இறக்கும் முன் பாயின்ட்டைப் பாருங்கள்

பழைய வண்டி வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது ஸ்பீடோமீட்டரை. நீலகிரியில் ஓடிய வண்டிக்கு அந்த எண் பெரிதாக எதையும் சொல்லாது. குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கோ மஞ்சூருக்கோ போகும் சாலையில் சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். அதே வண்டி கீழே கோயமுத்தூர் அவிநாசி சாலையில் 50-ல் சும்மா போகும். ஆக, 2,000 கிலோமீட்டர் என்பது கீழே 40 மணி நேர ஓட்டம், மேலே 80 மணி நேரம். போதாக்குறைக்கு மேலே பாதி வழி இரண்டாவது, மூன்றாவது கியர். அதனால் கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். புத்தகத்தில் போட்டிருக்கும் தூரத்தில் பாதி வந்ததும் மாற்றிவிடுவேன். இரண்டு ஆயிலுக்கு ஒரு ஃபில்டர்.

என்னிடம் இருப்பது 1998 மாடல் புல்லட் ஸ்டாண்டர்டு 350. வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்), வலது கால் கியர், பாயின்ட் இக்னிஷன் (திறந்து மூடும் குட்டி சுவிட்ச் ஒன்று தீப்பொறி தருவது), டீகம்ப்ரஸர் (உதைக்க எளிதாகச் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்), ஹெட்லைட் பக்கத்தில் ஆம்பியர் மீட்டர் என்று எல்லாம் பழைய ஏற்பாடு. போர் (சிலிண்டர் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. ஸ்ட்ரோக் நீளம் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். மலைக்கு இதைவிடத் தோதான குணம் வேறு இல்லை. 2010 வாக்கில் இந்த வகை இன்ஜின் நின்று, கியர்பாக்ஸும் சேர்ந்த புது வகை வந்துவிட்டது. அரவங்காட்டில் ஒருவரிடம் வாங்கியதிலிருந்து தினசரி வேலைக்கு இதுதான். சாமான் வாங்க மேட்டுப்பாளையம் இறங்குவதும் இதில்தான்.

இத்தனை காலம் ஓட்டியதில் என் முடிவு இது: வயதான இன்ஜினுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது டியூனிங். நம் ஊரில் நடப்பது இன்ஜின் இறக்குவது. இழுவை குறைந்தால் 'ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போச்சு', சத்தம் வந்தால் 'பிஸ்டன் போச்சு', புகை வந்தால் 'போர் பண்ணணும்'. பேரல் கோயமுத்தூர் லேத்துக்குப் போய், உள்ளே குடையப்பட்டு 20, 40 (அங்குலத்தில் ஆயிரத்தில் பங்கு) என்று ஓவர்சைஸ் ஆகித் திரும்பி வரும். 60-ஐத் தாண்டினால் பேரலில் சதை இருக்காது. நல்ல பழைய பேரல் இனிமேல் கிடைப்பதும் கஷ்டம். ஆகவே ஒவ்வொரு போரிங்கும் இருப்பில் இருந்து எடுத்துச் செலவழிப்பதுதான்.

என் வண்டிக்கும் ஒருமுறை அந்தத் தீர்ப்பு வந்தது. கீழிருந்து வந்த ஒரு மெக்கானிக் ஊட்டியில் வைத்து, சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜைப் பிளக் ஓட்டையில் மாட்டி உதைத்துப் பார்த்துவிட்டு, முள் ஏறவில்லை, இன்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றார். குன்னூரில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேஜைத் தொடவே இல்லை. "அந்த கேஜைக் கீழ கொண்டுபோயி வெச்சுப் பாக்கச் சொல்லுங்க தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு என்றால் அழுத்திய பிறகு கேஜ் காட்டுவதும் குறையத்தான் செய்யும். கீழே நன்றாக இருக்கும் இன்ஜினை மேலே கொண்டு வந்து வைத்தால், கீழ்க் கணக்குப்படி அது கால்வாசி போன இன்ஜின்! எனவே மலையில் கேஜ் எண்ணை வேறு ஊர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அதே வண்டியின் பழைய எண்ணோடு, அதே இடத்தில், இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைத்துப் பார்க்கலாம். முள் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை, அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றி லேப்பிங் (வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது) செய்தால் போதும், பேரலைத் தொட வேண்டாம்.

அன்றைக்கு என் வண்டியில் உண்மையில் போயிருந்தது பாயின்ட். சுழலும் கேமின் மேல் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாகும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல்) அழகாக ஓடிக்கொண்டிருக்கும். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் தாண்டி ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கும், சைலன்ஸர் வளைவு நிறம் மாறும், ஹெட் கொதிக்கும். இது நாளுக்கு நாள் மெல்ல நடப்பதால் ரிங் தேய்கிற மாதிரியே தெரியும். 

சரி செய்வது ஒரு மணி நேர வேலை. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால் இன்ஜின் நம் விருப்பத்துக்குச் சுற்றும். முதலில் இடைவெளி: பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் லேசாகப் பிடித்தபடி நுழைய வேண்டும். இதை முடித்த பிறகே டைமிங். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகர்ந்துவிடும் என்பதால் வரிசை மாறக் கூடாது. டைமிங்குக்கு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சாவியைப் போட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். திறக்கிற கணத்தில் நடுவுக்குத் துள்ளும். சக்கரத்தை ஒரு விரற்கடை அளவு முன்னும் பின்னும் ஆட்டி அந்தத் துள்ளலைப் பிடிக்கலாம். சிகரெட் தாளைப் பாயின்ட்டுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு முள்தான் வசதி.

உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் மிக மெதுவாகத்தான் நகரும். கிராங்க் சுமார் 10 டிகிரி திரும்பினால்தான் அந்த 0.8 மில்லிமீட்டர் வருகிறது. அதனால் சைக்கிள் கம்பியை விட்டு உத்தேசமாக அளப்பது ஆகாது. பிளக் ஓட்டையும் சாய்வாக இருப்பதால் கம்பியில் அளப்பது இன்னும் தப்பாகும். எப்போதாவது ஹெட் கழற்றும்போது ஒருமுறை சரியாக அளந்து, வெளியே ஒரு குறி போட்டு வைத்துக்கொள்வது நல்லது. மணிக்கணக்கு ஏறிய வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பாயின்ட் தட்டுக்குக் கீழே அட்வான்ஸ் எடைகளை (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே வரவைப்பவை) இழுத்துப் பிடிக்கும் இரண்டு குட்டி ஸ்பிரிங் இருக்கும். அவை தளர்ந்தால் டைமிங் சீக்கிரமே முந்திவிடும்: ஏற்றத்தில் நாக்கிங் (உள்ளே தட்டும் சத்தம்), காலையில் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலில் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது கார்ப்ரேட்டர். இதில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. உயரத்தில் காற்று குறைவு, ஆனால் ஜெட் என்ற சிறு துளை விடுகிற பெட்ரோல் கிட்டத்தட்ட அதேதான், அதனால் மிக்ஸர் (காற்று-பெட்ரோல் கலவை) ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோல் கூடுகிறது. கூடவே வருடக்கணக்காக நீடில் என்ற ஊசி ஏறி இறங்கி அதுவும் அதன் ஜெட்டும் தேய்ந்து, நடு ஆக்ஸிலேட்டரில் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும். பிளக் கரி பிடித்து வரும். உடனே எல்லோரும் திருகுவது ஏர் ஸ்க்ரூவை. அது ஸ்லோவுக்கும் அதற்குச் சற்று மேலேயும் மட்டுமே வேலை செய்யும். ஏற்றத்தில் நாம் பிடிப்பதோ பாதி ஆக்ஸிலேட்டர். அங்கே ராஜ்யம் நடத்துவது நீடில். நீடிலும் நீடில் ஜெட்டும் புதிது போட்டு, கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றினேன். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும்.

மெயின் ஜெட்டையும் ஒரு அளவு குறைக்கச் சொல்லுவார்கள். ஊட்டியை விட்டு இறங்காத வண்டிக்குச் சரி. மேட்டுப்பாளையம் போய்வருகிற வண்டிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடிவாரத்தில் கல்லாறில் ஏற ஆரம்பிக்கும்போது காற்று கனமானது, வெயிலும் அதிகம், குன்னூர்வரை 14 கொண்டை ஊசி வளைவு, பின்னால் சாமான். அந்த நேரத்தில் மிக்ஸர் லீன் ஆக (பெட்ரோல் குறைவாக) இருந்தால் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும். ஊட்டியில் கொஞ்சம் கரி பிடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் மிக்ஸரைச் சற்று லீன் பக்கம்தான் தள்ளுகிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதே எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பைப்பை இளக்கும். பனிக்காலத்தில் டேங்கைக் காலியாக விட்டால் உள்ளே துரு.

ஏர் ஸ்க்ரூவை ஒழுங்காக வைக்க வேண்டிய ஒரு நாள் உண்டு, எஃப்.சி. (பதிவை நீட்டிக்க வேண்டிய தகுதிச் சான்று) புதுப்பிக்கிற நாள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது வரும், புகைச் சான்றிதழும் வேண்டும். 2000-ம் வருடம் மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம்வரை அனுமதி. அளப்பது ஸ்லோவில். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனால் பாதிக் கவலை தீரும்.

டேப்பட் (வால்வைத் தள்ளும் புஷ்ராடு என்ற கம்பியின் இடைவெளி) பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. 'கொஞ்சம் சத்தம் இருந்தால்தான் கெத்து' என்று தளர்த்தி விடுபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

புகைக்கு வருவோம். இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி இன்ஜின் வேலை மிச்சம். நாள் கணக்கில் நின்ற வண்டியை உதைத்ததும் பெரிய நீலப் புகை வந்து, சில நிமிடத்தில் அடங்கினால் ஒன்றும் போகவில்லை. ஆயில் அறையிலிருந்து மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது வகைக்குக் கல்லட்டிதான் பரிசோதனைச் சாலை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவு, முழுக்க இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மூடியபடி இறங்குகிறோம். அப்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் கடுமையாக இருக்கும். இன்லெட் வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழாய்) தேய்ந்திருந்தால் அந்த வழியாக ஆயில் உள்ளே வரும். அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரைத் திறந்தவுடன் பின்னால் வருகிறவர் முகத்தில் ஒரு மேகம். பிறகு தெளிந்துவிடும். இது கைடு வேலை. மூன்றாவது, ஏற்றத்தில் இழுக்க இழுக்க விடாமல் வருகிற புகை. அதற்கு மட்டும்தான் ரிங், பேரல் என்று யோசிக்க வேண்டும்.

ஜூலை மழையில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். கார் ஓட்டிப் பழகியவர்கள் 'ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் கலந்துவிட்டது' என்று பதறுவார்கள். இந்த இன்ஜினில் தண்ணீரே இல்லை, காற்றில் ஆறுவது. வீட்டிலிருந்து கடைவரை குட்டி ஓட்டம் ஓட்டினால் ஆயில் சூடாகாமல், உள்ளே உண்டாகும் நீராவி அப்படியே படிந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை கோத்தகிரிவரை ஓட்டினால் போய்விடும். போகாவிட்டால் இன்ஜின் உள்காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜனவரிக் காலையில் உறைபனி விழுந்த அன்று ஆயில் கெட்டியாக இருக்கும், கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஓரிரு முறை மிதித்துப் பிரித்துவிட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்து நாலைந்து சுற்று சும்மா சுற்றிவிட்டு, அப்புறம்தான் சாவி. சூடாகும்வரை பிஸ்டன் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்கும். சூடானதும் அடங்கினால் அதோடு குடும்பம் நடத்தலாம். ஏற்றத்தில் லோடு கொடுக்கும்போது அடிவயிற்றிலிருந்து வருகிற கனமான 'டக் டக்' வேறு. அது பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்). இந்த இன்ஜின் டாப் கியரிலேயே ஏறிவிடும் என்று பெருமைக்காக இழுத்து இழுத்து ஓட்டுவதுதான் அதைச் சாகடிக்கிறது. ஒரு கியர் குறைத்தால் மானம் போகாது.

உதிரிப் பாகத்தில் நான் நம்பாதது, பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைத்தான். ஒரு கடையில் வாங்கியது ஒரு வாரம்கூட உழைக்கவில்லை. கெட்டுப்போனால் பாயின்ட் நடுவே நீலப் பொறி பறக்கும், வண்டி சூடானதும் நின்றுவிடும். ஓடிச் சோதித்த ஒன்றைக் கழற்றி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பிளக், ஃபீலர் கேஜ், கிளட்ச் வயர்.

மைலேஜ் மேலே 30, கீழே 35. இறங்கி வந்தபிறகு வருகிற அந்த மேகம் இந்த வருடம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மழை முடிந்ததும் ஹெட்டை மட்டும் கழற்றி இன்லெட் கைடு மாற்றப் போகிறேன். பேரல் இன்னும் ஸ்டாண்டர்டு சைஸில்தான் இருக்கிறது.