10 கிராம் நானோகுழாய் டப்பா: மின்கடத்தலுக்கு வாங்கலாம், வலிமைக்கு வேண்டாம்

பல்சுவர் கார்பன் நானோகுழாய்ப் பொடி (ஒன்றுக்குள் ஒன்றாக அடுங்கிய, நுண்ணிய கார்பன் குழாய்கள்) இப்போது இணையத்தில் ஆர்டர் போட்டால் கூரியரில் வந்து இறங்குகிறது. கல்லூரி ஆய்வகங்களும் சிறு பட்டறைகளும் அதிகம் வாங்குவது ஒரே ரகம்தான்: சி.வி.டி. முறையில் (கார்பன் வாயுவை வினையூக்கி உலோகத்தின் மேல் சிதைத்து) வளர்த்தது, வெளிவிட்டம் 10 முதல் 20 நானோமீட்டர், நீளம் 10 மைக்ரானை ஒட்டி, லேபிளில் ‘97 சதவீதத்துக்கு மேல் தூய்மை’. விற்பவர் பெயர் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு பெரிதாக மாறாது. இந்த மதிப்புரை அந்த ரகத்துக்கானது.

எபாக்ஸி பிசினுக்கோ பூச்சுக்கோ மின்கடத்தும் தன்மை கொடுக்க வேண்டுமென்றால் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் பொருள். வலிமை கூட்ட வாங்கினால் ஏமாற்றம்தான். தண்ணீரில் கலந்த திரவம் தேவைப்படுபவர்கள் பொடியோடு மல்லுக்கட்டாமல், கலந்தே விற்கும் திரவத்தை வாங்கிவிடுவது மேல்.

லேபிளில் இருக்கும் 97-ஐ அப்படியே நம்ப வேண்டாம். பல நேரம் அது ‘கார்பன் 97 சதவீதம்’ என்ற பொருளில்தான் போடப்படுகிறது. குழாயாக வளராத உருவமற்ற கார்பனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மீதி 3 சதவீதம் இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற வினையூக்கி உலோகமும், அதைத் தாங்கிய அலுமினாவோ மெக்னீஷியாவோ. உண்மையை அறிய டி.ஜி.ஏ. (சூடாக்கச் சூடாக்க எடை குறைவதை அளக்கும் சோதனை) போதும்: 10 மில்லிகிராம் பொடியைக் காற்றோட்டத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 900 டிகிரி வரை சூடாக்குங்கள். உருவமற்ற கார்பன் 400 டிகிரிக்கு முன்பின்னாக எரிந்து போகும், குழாய்கள் 500-க்கு மேல்தான் எரியும். கடைசியில் தங்கும் சாம்பல் உலோகம் அல்ல, ஆக்சைடு. வினையூக்கி இரும்பு மட்டும் என்றால் சாம்பல் எடையை 0.7-ஆல் பெருக்கினால் இரும்பின் எடை கிடைக்கும். இதை விட்டுவிட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு புள்ளியில் எடுத்த ஈ.டி.எக்ஸ். (எக்ஸ் கதிரால் தனிமங்களைக் கணக்கிடும் சோதனை) அட்டவணையை அனுப்பும் விற்பனையாளரிடம், உங்கள் லாட் எண்ணுக்கான டி.ஜி.ஏ. வரைபடத்தையே கேளுங்கள்.

லேசர் ஒளி சிதறுவதை வைத்து எடுக்கும் ராமன் நிறமாலையில், குறைகளைக் காட்டும் டி சிகரம் 1350 செ.மீ⁻¹-லும் ஒழுங்கான கார்பனைக் காட்டும் ஜி சிகரம் 1580-லும் வரும். இரண்டின் உயர விகிதம் 1-ஐ ஒட்டி இருப்பது இந்த ரகத்துக்குச் சகஜம், அதைப் பார்த்துப் போலி என்று திருப்பி அனுப்ப வேண்டாம். 532 நானோமீட்டர் லேசரில் எடுத்த விகிதத்தை 785-ல் எடுத்ததோடு ஒப்பிடுவதுதான் தவறு.

இனி கலப்பது. பத்தில் எட்டுத் தோல்வி இங்கேதான் என்று தாராளமாகச் சொல்லலாம். நம் ஆய்வகங்களில் பழகிய எல்.ஒய். 556 எபாக்ஸி, எச்.ஒய். 951 கடினமாக்கி ஜோடியை வைத்துக்கொள்வோம். 100 கிராம் எபாக்ஸிக்கு 0.3 கிராம் பொடி. எடைபோட்ட பாட்டிலிலேயே அசிட்டோனை விட்டுப் பொடியை நனைத்த பிறகுதான் நகர்த்த வேண்டும், உலர்ந்த பொடி ஸ்பேட்டுலாவிலும் பாட்டில் சுவரிலும் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொண்டு எடையைக் கெடுக்கும். மொத்தம் 150 மில்லி அசிட்டோன், குளியல் வகை சோனிகேட்டரில் (மீயொலியால் கட்டியை உடைக்கும் தொட்டி) 30 நிமிடம், தொட்டியில் ஐஸ். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் திரவத்துக்குள் தண்டை நேரே விடும் புரோப் சோனிகேட்டர் இங்கே வேண்டாம். பிறகு எபாக்ஸியைச் சேர்த்து, புகைக்கூண்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) 60 முதல் 70 டிகிரியில் கலக்கியபடி அசிட்டோனை ஓட்டுங்கள். கடைசி மிச்சத்தை வெற்றிட அவனில்தான் எடுக்க முடியும்.

அசிட்டோன் போய்விட்டதா என்பதை மூக்கு சொல்லாது, தராசு சொல்லும். காலி பீக்கரின் எடையைக் கழித்தால் 100.3 கிராம் வர வேண்டும். 102 காட்டினால் உள்ளே இன்னும் அசிட்டோன் இருக்கிறது. அப்படியே ஊற்றினால் குமிழி வரும், வார்ப்பு நகத்தால் அழுத்தினாலே குழியும். எடை சரியானதும் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு 10 கிராம் கடினமாக்கி சேர்த்து, உடனே அச்சில் ஊற்றுங்கள். கோப்பையிலேயே மொத்தமாக விட்டுவைத்தால் தானே சூடேறி இறுகிவிடும்.

கடினமாக்கி சேர்க்கும் முன் ஒரு சோதனை: ஒரு துளியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சீரான சாம்பல் நிறம் தெரிந்தால் சரி. மிளகாய்ப் பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் கட்டி உடையவில்லை. அதற்காக மணிக்கணக்கில் சோனிகேட் செய்வதும் ஆபத்து. குழாய்கள் ஒடிந்து நீளம் குறையும், குறைந்தால் மின்பாதை இணைய அதிகப் பொடி தேவைப்படும். மூவுருளை ஆலை (மூன்று உருளைகளுக்கு நடுவே கலவையை நசுக்கி அரைக்கும் இயந்திரம்) வசதி இருப்பவர்களுக்கு அசிட்டோனே வேண்டாம், அதுதான் சிறந்த வழி.

நன்றாகக் கலந்தால் 0.1 முதல் 0.5 சதவீதத்துக்குள்ளேயே எபாக்ஸி மின்கடத்த ஆரம்பிக்கும். கார்பன் பிளாக்கில் இதற்குப் பல மடங்கு பொடி போக வேண்டும். அளக்கும்போது மல்டிமீட்டர் எதுவும் காட்டவில்லையென்றால் உடனே கலவையைக் குறை சொல்லாதீர்கள். வார்ப்பின் மேல்தோல் வெறும் எபாக்ஸியாக, மின்காப்பாக இருக்கும். தண்ணீர் விட்டு எமரித் தாளால் தேய்த்து, வெள்ளிப் பசை பூசி, பிறகு அளக்க வேண்டும். 1 சதவீதத்தைத் தாண்டினால் கலவை ஊற்ற முடியாதபடி கெட்டியாகி, அடைபட்ட காற்று வெளியேறாது.

வலிமை விஷயத்தில் விளம்பரம் காட்டும் எண் பொய்யல்ல, இடம் மாறியது: அது தனிக் குழாயின் வலிமை, கலவையின் வலிமை அல்ல. 2000-இல் தனிக் குழாய்களை இழுத்துப் பார்த்ததில் வெளிச்சுவருக்கு 11 முதல் 63 கிகாபாஸ்கல் கிடைத்தது. அவை வில்மின் முறையில் (கார்பன் தண்டுகளுக்கு நடுவே மின்வில் எழுப்பி) செய்த, குறை குறைந்த குழாய்கள். அதிலும் வெளிச்சுவர் அறுந்து உட்சுவர்கள் உருவிக்கொண்டுதான் வந்தன. சி.வி.டி. குழாயில் குறைகள் அதிகம், எபாக்ஸியோடு பிடிப்பும் குறைவு. கட்டி இருந்தால் அந்த இடத்திலிருந்தே விரிசல் கிளம்பும், வெறும் எபாக்ஸியைவிட மோசமாக உடையும்.

அமிலத்தில் பதப்படுத்திக் கார்பாக்சில் தொகுதி சேர்த்த ரகத்துக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். தண்ணீரில் கலக்க உதவும், ஆனால் அமிலம் குழாய்ச் சுவரை அரித்திருப்பதால் மின்கடத்தல் குறையும். லித்தியம் பேட்டரிக்கு இந்த டப்பாவை வாங்கவே வேண்டாம். மிச்ச இரும்பு நேர்முனையில் கரைந்து எதிர்முனையில் படிந்து நுண்குறுக்குச்சுற்று உண்டாக்கும், அதற்கென்று சுத்திகரித்த ரகம் தனியே இருக்கிறது.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். குறைந்தது என்95 முகக்கவசம், இரட்டைக் கையுறை கட்டாயம், துணி முகக்கவசம் பயன்படாது. புகைக்கூண்டு முழு வேகத்தில் ஓடினால் பொடியையே தூக்கிக்கொண்டு போகும், எடைபோடும்போது காற்றைக் குறையுங்கள். சிந்தினால் துடைப்பம் தொடாமல் ஈரத்துணியால் எடுத்து, துணியோடு உறையில் மூடி அபாயக் கழிவில் சேர்க்க வேண்டும். கணினி, தராசு பக்கத்தில் டப்பாவைத் திறக்காதீர்கள். மின்கடத்தும் தூசு சர்க்யூட் போர்டில் படிந்தால் பழுதுபார்ப்புச் செலவு டப்பா விலையைத் தாண்டிவிடும்.