காலர் சட்டையா, வழவழப்பு டாப்பா, பின்னலாடையா: அலுவலகத்துக்கு எது?

வெண்பலகையின் உச்சியில் ஓர் எண்ணை எழுத என் தோழி கையைத் தூக்குகிறார். வலது கையில் பேனா. இடது கையோ மேலாடையின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் உழைத்துப் போட்ட கணக்கு அது. அதை எல்லோருக்கும் விளக்க வேண்டிய நேரத்தில் அவருடைய கவனத்தில் பாதி, நான்கு விரல் அகலத் துணிக்குப் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கடையில் உடையைப் போட்டுப் பார்க்கும்போது நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்கிறோம்: நேராக, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணாடியைப் பார்த்து. அலுவலகத்தில் அப்படி நிற்கும் நேரம் ஐந்து நிமிடம்கூட இராது. குனிகிறோம், எட்டி எடுக்கிறோம், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த அசைவுகளையெல்லாம் வைத்துத்தான் மூன்று வகை மேலாடைகளையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் காலர் சட்டை. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியான பாப்ளினில் தைத்த நல்ல சட்டைக்கு இருக்கும் கம்பீரம் மற்ற இரண்டுக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலரும் தோள் தையலும் உடலுக்கு ஒரு நேர்க்கோட்டைக் கொடுக்கின்றன. உடை விதி கறாராக இருக்கும் இடங்களில் கேள்வியே எழாது. ஆனால் மார்புக்கு நேரே வரும் பொத்தான் இருக்கிறதே, அதுதான் இதன் பெரிய குறை. நெசவுத் துணி இழுவை கொடுக்காது. ஆயத்த ஆடைகளை ஒரு குறிப்பிட்ட மார்பளவை மனத்தில் வைத்து வெட்டுகிறார்கள். உங்கள் அளவு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், இரண்டு பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கும்.

அந்தப் பிளவு கண்ணாடியில் தெரியாது. பக்கவாட்டில்தான் தெரியும், அதாவது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு. ஆகவே சட்டையைப் போட்டதும் உட்காருங்கள். மேசையின் அந்தப் பக்கம் இருக்கும் காகிதத்தை எடுப்பதுபோல் தோள்களை முன்னே கொண்டுவாருங்கள். பிறகு பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். பொத்தானைச் சுற்றிக் கிடைக்கோடுகளாகச் சுருக்கம் விழுந்தால் அந்த அளவு உங்களுக்குப் போதாது. மார்புக்குப் பொருந்தும் அளவை வாங்கி, இடுப்பில் டாட் பிடித்துக்கொள்வதே, அதாவது துணியை உட்புறமாக மடித்துத் தைத்துக்கொள்வதே சரியான வழி. தோள் பொருந்தாத சட்டையைத் திருத்துவது கடினம்; இடுப்பைத் திருத்துவது சின்ன வேலை. இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் உட்புறமாக ஒரு பிரஸ் பட்டன் தைத்துவிட்டால் ஊக்குக்கு வேலையே இல்லை.

வெள்ளைச் சட்டை வாங்கும்போது இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கையைத் துணிக்குள் விட்டுப் பாருங்கள். விரல்களின் இடைவெளி தெரிந்தால் எல்லாமே தெரியும். வெள்ளைக்குள் வெள்ளை உள்ளாடை அணிந்தால் மறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது பளிச்சென்று துலங்கும். நம் தோலின் நிறத்தை ஒட்டிய உள்ளாடைதான் கண்ணில் படாது.

கசங்குவது பருத்தியின் பிறவிக் குணம். ஈரமும் உடல் சூடும் பட்டதும் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் விட்டு, மடங்கிய நிலையிலேயே மறுபடி இறுகிவிடுகின்றன. நாற்காலியில் இரண்டு மணி நேரம் சாய்ந்திருந்தால் முதுகின் கீழ்ப்பகுதி காட்டிக்கொடுப்பது இதனால்தான். கசங்காத பருத்தி என்று விற்கும் சட்டைகளில் அந்தப் பிணைப்புகளைப் பிசின் கொண்டு பூட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் சார்ந்த பிசின் அது. சிலருக்குத் தோல் அரிக்கும். வாங்கியதும் ஒருமுறை அலசிவிட்டு அணிவது நல்லது.

அடுத்தது வழவழப்பான டாப். கிரேப், சாட்டின், விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை) போன்ற, உடலில் வழிந்து விழும் துணிகளில் தைத்தது. பெரும்பாலும் தலைவழியாக அணிவதால் பொத்தான் பிளக்கும் கவலை கிடையாது. கோட்டுக்குள் மடிப்பில்லாமல் அடங்கும். பாலியஸ்டராக இருந்தால் பயணப் பையில் சுருட்டிவைத்து எடுத்தாலும் கசங்காது. இத்தனை நன்மைகளையும் கவிழ்த்துவிடக்கூடிய ஒன்று வியர்வை.

வழக்கமான ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டும் விஸ்கோஸும் 11 கிராம் அளவுக்கு இழுக்கும். பாலியஸ்டரோ அரை கிராமைக்கூட எட்டாது. இழைக்குள் போக முடியாத வியர்வை தோலிலும் துணியின் மேற்பரப்பிலும் நிற்கிறது. நாற்றமும் பருத்தியைவிட பாலியஸ்டரில்தான் விடாமல் ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை இளஞ்சாம்பல் சாட்டின் டாப் அணிந்து நாற்பது பேர் முன்னிலையில் பேசப் போனேன். பத்தாவது நிமிடத்தில் அக்குளில் உள்ளங்கையளவு கறுப்பு வட்டம். அதன் பிறகு திரையைக் காட்டக்கூடக் கையைத் தூக்கவில்லை. கேள்வி நேரம் முடியும்வரை முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டே நின்றேன். நடுத்தரச் சாம்பலும் வான நீலமும் ஈரத்தை அப்படியே காட்டிவிடும். வெள்ளை, கருநீலம், கறுப்பு, பொடிப்பொடியான அச்சு வேலைப்பாடு ஆகியவை மறைக்கும். இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இந்த வகையிலேயே எடுப்பதென்றால் சாட்டினைவிட கிரேப்பையே சொல்வேன். சாட்டினில் இழைகள் மேலே நீளமாக மிதந்து கிடக்கும். அந்தப் பளபளப்புக்குக் காரணமே அதுதான். அடையாள அட்டையின் கொக்கி உரசினால் போதும், ஓர் இழை எழும்பி நிற்கும். கிரேப்பில் முறுக்கேறிய நூல். ஒளியைச் சிதறடிப்பதால் மினுமினுப்பு இல்லாத அமைதியான தோற்றம் கிடைக்கும், தோளிலிருந்தும் எளிதில் வழுக்காது. விஸ்கோஸ் உடலுக்கு இதமானது, ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். முறுக்கிப் பிழியாமல் துவைக்கப் பொறுமை இருந்தால் வாங்கலாம். எந்தத் துணியானாலும் கழுத்தைக் குனிந்து பார்த்தே முடிவுசெய்யுங்கள். வழிந்து விழும் துணி, குனியும்போது உடலை விட்டு முன்னே தொங்கும். நிற்கும்போது அடக்கமாகத் தெரிந்த கழுத்து அப்போது வேறு கதை சொல்லும்.

மூன்றாவது பின்னலாடை. இதைச் சொன்னதும் பலர் டி-சட்டையை நினைத்து முகம் சுளிக்கிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான், டி-சட்டைக்குப் பயன்படும் மெல்லிய ஒற்றைப் பின்னல் துணியான ஜெர்சியைப் பொறுத்தவரை. உள்ளாடையின் ஒவ்வொரு தையலையும் அது வெளியே எழுதிக் காட்டும். ஆனால் இரட்டைப் பின்னல் துணி, கடைகளில் இன்டர்லாக் என்றும் பான்டே என்றும் சொல்வார்களே, அது வேறு இனம். சதுர மீட்டருக்கு 150 கிராம் என்பது டி-சட்டைத் துணி; 200 கிராமுக்கு மேல் போனால் துணி தன் வடிவத்தில் தானே நிற்கத் தொடங்கும். நூல் வளையங்களாகக் கோத்திருப்பதால் உடலோடு சேர்ந்து விரியும், சுருங்கும். பொத்தான் பிளவு இல்லை. இஸ்திரி அநேகமாகத் தேவையில்லை. பருத்தியோ விஸ்கோஸோ கலந்திருந்தால் வியர்வையையும் இழுத்துக்கொள்ளும்.

தரம் பார்க்க இரண்டு இடங்கள் போதும். ஒன்று, தோள் தையலின் உட்புறம். அங்கே தையலை ஒட்டி ஒரு மெல்லிய நாடா ஓடுகிறதா என்று புரட்டிப் பாருங்கள். அந்த நாடா இருந்தால் சில சலவைகளிலேயே தோள் இறங்கிப்போகாது. இரண்டு, துணியின் மீள்திறன். ஒரு சாண் அளவு பிடித்து இழுத்துவிடுங்கள். உடனே பழைய நிலைக்கு வராத துணி, முழங்கையிலும் விளிம்பிலும் தொளதொளத்துப்போகும். ரப்பர்போல் இழுபடும் செயற்கை இழையான எலாஸ்டேன் சிறிதளவு கலந்திருந்தால் இந்தக் குறை பெருமளவு குறையும். 1958-இல் உருவான இந்த இழைக்குச் சூடு ஆகாது; வெந்நீரும் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியும் அதன் மீள்திறனைக் கெடுத்துவிடும். கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்த வேண்டும். நாளடைவில் பக்கவாட்டில் நூல் உருண்டைகள் திரளும், அது இந்த வகையின் தீராத குறை.

இனி என் தோழியின் விளிம்புக்கு வருகிறேன். நீளம் போதவில்லை என்று அவர் அடுத்த முறை இன்னும் நீளமானதை வாங்கினார். அதுவும் மேலே ஏறியது. உண்மையான காரணம் கை பொருத்தியிருக்கும் வளைவு. அந்த வளைவு அக்குளிலிருந்து வெகுவாகக் கீழே இறங்கி வெட்டப்பட்டிருந்தால், கையைத் தூக்கும்போது கையோடு சேர்த்து மொத்த உடையும் மேலே இழுபடும். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டிய வளைவில் கை தனியே எழும்பும், உடல் பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். தாராளமாக இருந்தால் வசதி என்று எண்ணி நாம் இறங்கிய வளைவைத் தேர்ந்தெடுக்கிறோம். வசதி நேர்மாறான பக்கத்தில் இருக்கிறது. இது மூன்று வகைக்கும் பொருந்தும். பின்னலாடை மட்டும் துணியே விரிந்துகொடுப்பதால் ஓரளவு மன்னிக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகும் ஒருவர் என்னிடம் கேட்டால், மூன்று தடித்த பின்னலாடை, ஒரு கிரேப், சரியாகத் திருத்திய ஒரு சட்டை என்று தயங்காமல் சொல்வேன். காணொளிக் கூட்டங்கள் அதிகமிருப்பவர்கள் நெருக்கமான மெல்லிய கோடு போட்ட துணியை மட்டும் தவிர்த்துவிடலாம்; திரையில் அது நெளிந்து அலையடிக்கும்.

கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கும் தாய்க்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். நாளில் இரண்டு மூன்று முறை பால் எடுக்க வேண்டியவருக்கு, தலைவழியாக அணியும் எதுவும் தொல்லைதான். அங்கே முன்பக்கம் திறக்கும் சட்டைதான் முதலிடம். அச்சு வேலைப்பாடு உள்ள பருத்தியாக, மார்பில் ஒரு சுற்றுத் தளர்வாக. பால் கசிந்தாலும் அச்சு மறைத்துவிடும், பருத்தி உறிஞ்சிவிடும். அவசரத்தில் ஒற்றைக் கையால் போட்டு, கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், பொத்தான்கள் பெரிதாகவும் துளைகள் இறுக்கமில்லாமலும் இருக்கின்றனவா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.